காதல் காட்சியில் நான் சேர்த்தது

உங்களுக்கு,

சோறும் ரசமும் அடுப்பு மேடையில் மூடியிருக்கிறது. பால்காரரிடம் நாளை முதல் ஆழாக்குப் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் தொடர்கதையில் காதல் காட்சியை எவ்வளவு திறந்து எழுதலாம் என்று ஒரு வாரமாகக் கேட்டீர்கள். நேற்று, வழக்கம்போல அச்சுக்கு நல்ல பிரதி எடுக்க அந்த அத்தியாயத்தைக் கொடுத்தீர்கள். கட்டிலில் நாயகி சொல்வதெல்லாம் நான் உங்களிடம் சொன்னவை. அவள் தோளிலிருக்கும் தழும்பும் என்னுடையது. கேட்டதற்கு, "கதைதான புள்ள, யாரு கண்டுபிடிக்கப் போறாக?" என்று சிரித்தீர்கள். வத்தலக்குண்டில் என் தம்பி வாராவாரம் அந்தப் பத்திரிகையை வாங்குகிறான்.

ஆனால் காட்சியைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். நாயகன் இயலாமல் சுவர்ப்பக்கம் திரும்பி அழுததையும், "எல்லாம் ஒன்னாலதான், மூதேவி" என்று அவளை ஏசியதையும் காணோம். பிரதியில் அவற்றையும் எழுதிவிட்டேன். திறந்து எழுதுவதென்றால் இருவரையும் எழுத வேண்டும். பிரதிக் கட்டு காலை பஸ்ஸில் பத்திரிகைக்குப் போய்விட்டது.

நான் பழனிக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். கூப்பிட வர வேண்டாம்.

சிவபாக்கியம்

பி.கு. உங்கள் சிநேகிதர் ஞானவேல் அண்ணன் சாயங்காலம் வருவார். காப்பித்தூள் மேல்தட்டில்.

இன்னொன்று. நாயகனுக்கு உங்கள் பெயரை வைக்கவில்லை. இடது கையில் உங்கள் ஆறாவது விரலை மட்டும் வைத்திருக்கிறேன்.