பங்கர் மூட்டையில் ஒரு படம்

1991 ஐப்பசி, செவ்வாய்க்கிழமை. அரியாலை.

குண்டுவீச்சுக்கு ஒளியும் எங்கள் பங்கர் குழியின் வாசலில் அடுக்கியிருந்த மண்மூட்டைகளில் ஒன்றைப் போன கிழமை நான் எடுத்தேன். மனைவி புவனா தன் பழைய நீலச் சேலையில் தைத்த மூட்டை அது. மழையும் பாசியும் அந்தத் துணியில் போட்டிருந்த நிறத்தை என்னால் ஒருநாளும் போட முடியாது. மண்ணைக் கொட்டிவிட்டு, படம் வரையத் துணியைப் பலகையில் ஒட்டினேன். கடையில் வர்ணம் இல்லை. விளக்குக்கரியையும் ஓட்டுத்தூளையும் பசையில் குழைத்துப் பூசினேன். வாசலில் வேறு மூட்டை வைக்க வேண்டும் என்று நினைத்தேன். படம் நன்றாக வந்துகொண்டிருந்தது. வைக்கவில்லை.

இன்று காலை பொம்மர் வந்து குண்டு போட்டது. மூட்டை இல்லாத அந்த இடைவெளியால் குண்டுச் சன்னம் ஒன்று உள்ளே வந்து புவனாவின் தோளைக் கிழித்தது. ஏழு தையல்.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றிய நேர்ஸ் பழைய துணியை என்னிடம் தந்தாள்.

“புதுசு இல்லை. இதைத் தோய்ச்சு, அவிச்சு, நாளைக்குக் கொண்டு வாங்கோ.”

புவனா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும், “படம் முடிஞ்சுதோ?” என்று கேட்டாள்.

“இல்லை. ஒரு மூலை வெறுமையாக் கிடக்கு.”

“முதல்ல அந்த ஓட்டையை அடையுங்கோ.”

அடைத்துவிட்டேன். அவள் தூங்குகிறாள்.

கட்டுத்துணி மேசையில் கிடக்கிறது. இரத்தம் காய்ந்து காவியாகி, ஓரங்களில் மஞ்சளாகப் பரவியிருக்கிறது. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். படத்தின் அந்த வெறும் மூலையில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டேன். பொருந்துகிறது.

துணி அவிக்க வைத்த தண்ணீர் அடுப்பில் கொதிக்கிறது. நான் இன்னும் எழும்பவில்லை.