எண்பத்து நான்கு காருக்கான மின்சாரம்

12 ஜூலை 2021, திங்கள்

செம்பூர் புராஜெக்ட் மீட்டிங். முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம். பசுமைக் கட்டிடச் சான்றிதழ் வேலையைப் பார்க்கும் ஷ்யாமளா மேடம் சிரித்த முகத்தோடு குண்டைத் தூக்கிப் போட்டார். உச்ச ரேட்டிங்குக்கு ஒரே ஒரு புள்ளி குறைகிறதாம். முன்பக்கம் வரப்போகும் விற்பனை டவரில் நாற்பத்திரண்டு கார்களுக்குச் சார்ஜிங் பாயிண்ட் வைத்திருந்தோம். அதை எண்பத்து நான்கு ஆக்கினால் புள்ளி கிடைத்துவிடும். பில்டர் அந்த நிமிடமே சரி என்றுவிட்டார். சரி என்பது அவர் வேலை. மின்சாரம் எங்கிருந்து வரும் என்று மண்டையை உடைத்துக்கொள்வது என் வேலை.

மனையில் இரண்டு டிரான்ஸ்பார்மருக்குத்தான் இடம். மூன்றாவது வேண்டுமானால் டவரின் முகப்பு லாபியில் பாதி போய்விடும். அந்தப் பேச்சை எடுக்கவே பில்டர் விடவில்லை.

இன்னும் நூற்றிருபது கிலோவாட் வேண்டும். எங்கே போவது?

16 ஜூலை, வெள்ளி

எங்கள் முதலாளி ஜெயராம் சார் மாட்டுங்காக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இன்று என் லோடு ஷீட்டைப் பக்கத்தில் இழுத்து, பின்கட்டிடத்தின் வரிசையில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். அந்த மனையில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு இலவசமாகக் கட்டித்தரும் ரீஹேப் கட்டிடம் அது. இருநூற்றுப் பத்து வீடுகள்.

எல்லா வீட்டிலும் எல்லாமே ஒரே நேரத்தில் ஓடாது என்பதால், மொத்த லோடில் ஒரு பங்குக்குத்தான் நாங்கள் கேபிள் போடுவோம். நான் 0.6 பங்கு வைத்திருந்தேன். அதை 0.4 ஆக்கச் சொன்னார்.

"எதுக்கு இத்தனை? ரெண்டு ஃபேன், ஒரு டிவி, ஒரு ஃப்ரிட்ஜ். அவா ஆத்துல வேற என்ன இருக்கப்போறது?"

என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். தாராவியில் நாங்கள் வளர்ந்த பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மூன்று தையல் மிஷின் ஓடியது. இதே செம்பூர் மனையில்தான் என் கூடப்பிறந்த அக்கா செல்வமேரியின் குடிசையும் இருக்கிறது. அவளுக்கு இரண்டு மோட்டார் மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி. பக்கத்துக் குடிசையில் மதீனா பீவியும் அவர் கணவர் உதுமான் பாயும் ஸ்டீம் இஸ்திரிக்கு வைத்திருக்கும் பாய்லர் மட்டுமே மூன்று கிலோவாட். அந்தச் சந்தில் சும்மா குடியிருக்க மட்டும் ஒரு வீடு கிடையாது. அத்தனை பேரும் அந்தப் பின்கட்டிடத்துக்குத்தான் வரப்போகிறார்கள்.

வீட்டிலேயே தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று பாதி வாயால் சொன்னேன்.

"பேப்பர்ல ரெசிடென்ஷியல்தானே ஜெப்ரி? நாம பேப்பருக்குத்தான் டிசைன் பண்றோம்."

மீதிப் பாதியைச் சொல்லவில்லை. சொன்னால் நானும் அந்த மாதிரிச் சந்துக்காரன் என்பது தெரிந்துவிடும். பன்னிரண்டு வருஷமாக ஆபீசில் விக்ரோலி ஃபிளாட்டுக்காரன் என்றுதான் பெயர்.

17 ஜூலை, சனி

0.4 போட்டேன். நூற்றிருபத்தாறு கிலோவாட் மிச்சம். எண்பத்து நான்கும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. பின்கட்டிடத்தின் கேபிளும் ஒரு சைஸ் குறைந்தது. கணக்கு உட்கார்ந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

4 பிப்ரவரி 2024, ஞாயிறு

அக்கா வீட்டுப் பிரதிஷ்டை. பதினொன்றாவது மாடி, 1104. பாஸ்டர் ஜெபம் செய்து முடிப்பதற்குள் லிஃப்டில் மிஷின்கள் ஏறத் தொடங்கிவிட்டன. மதீனா பீவிக்கு அதிர்ஷ்டமோ என்னமோ, குலுக்கலில் மறுபடியும் பக்கத்து வீடே விழுந்திருக்கிறது, 1105. தட்டு நிறைய இனிப்பு கொண்டுவந்தார். உங்க தம்பி போட்ட கரண்டாமே என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த மாடியில் பத்துக் கதவு. ஏழாவது மிஷினோடு எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன்.

இறங்கிவரும்போது முன்டவரின் பார்க்கிங்கைப் பார்த்தேன். எண்பத்து நான்கு சார்ஜிங் பாயிண்டும் பளபளவென்று இருந்தன. ஆறு கார் நின்றது. சான்றிதழின் பித்தளைப் பலகையை லாபிச் சுவரில் பதித்திருக்கிறார்கள்.

29 மார்ச் 2025, சனி

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் பின்கட்டிடம் முழுக்க லைட் போகிறது, லிஃப்ட் நிற்கிறது என்று அக்கா நேற்று போன் செய்தாள். இன்று போனேன். மீட்டர் ரூமில் மெயின் பிரேக்கர் தொட முடியாத சூடு. குடியிருப்புச் சொசைட்டியின் எலக்ட்ரீஷியன் கையைக் கட்டிக்கொண்டு, நீங்களே சொல்லுங்கள் சாப் என்றான்.

சொல்ல வேண்டியது ஒன்றுதான். கேபிள் போதாது, புதுக் கேபிள் வேண்டும், அதற்கு மூன்றாவது டிரான்ஸ்பார்மர் வேண்டும். அதை எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பழைய லோடு ஷீட்டை எடுப்பார்கள். 0.4ஐப் போட்டது யார் என்று கேட்பார்கள்.

அக்கா மீட்டர் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"ஏலே, ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்துரும். அறுநூறு செட்டு யூனிஃபார்ம் கெடக்கு. ஏதாச்சும் செய்யேம்ல."

ஸ்க்ரூ டிரைவரை வாங்கி பிரேக்கரின் செட்டிங்கைத் திருகி ஏற்றிவிட்டேன். கேபிள் சூடாகும்போது அணைந்து காப்பாற்றத்தான் அந்த பிரேக்கரே இருக்கிறது. தற்காலிகம்தான், பதினைந்து நாளில் வந்து சரிசெய்கிறேன் என்றேன்.

இன்று ஏழு மணிக்கு லைட் போகவில்லை. மாடி முழுக்க என்னைப் பாராட்டினார்கள். மதீனா பீவி டீ கொடுத்தனுப்பினார்.

15 ஏப்ரல், செவ்வாய்

பதினைந்து நாள் தாண்டிவிட்டது. போக வேண்டும்.

2 மே, வெள்ளி

போகவில்லை. குறைத்தால் மறுபடியும் லைட் போகும், அக்கா போன் செய்வாள். ஜூனில் ஆர்டர் முடியட்டும்.

22 மே, வியாழன்

மீட்டர் ரூம் எரிந்துவிட்டது. சாயங்காலம் ஏழே கால். கேபிள் தீப்பற்றி, கேபிள் ஏறும் குழி வழியாகப் புகை மாடிப்படிக்கு ஏறிவிட்டது. லிஃப்ட் நின்றுவிட்டது. அக்கா ஈரத்துணியை மூக்கில் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டாள். மதீனா பீவிக்கு ஆஸ்துமா. எட்டாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில் படியில் உட்கார்ந்துவிட்டாராம். தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது.

உதுமான் பாய் மனைவியின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நான்தான். என் கைதானே திருகுச்சு. யார்ட்ட போய்ச் சொல்ல? சொல்லி என்ன ஆவப்போவுது? கர்த்தாவே, பதினஞ்சு நாள்னு நான்தானே சொன்னேன்.

23 மே, வெள்ளி

ஜெஸி, ஏன் சாப்பிடவில்லை என்று இரண்டு முறை கேட்டாள். கட்டிய மனைவியிடம்கூடப் பசியில்லை என்றுதான் சொன்னேன்.

3 ஜூன், செவ்வாய்

பில்டருக்குத் தொழில்நுட்ப அறிக்கை வேண்டுமாம். என்னையே எழுதச் சொல்லிவிட்டார் ஜெயராம் சார். 0.4 அவருக்குத் தெரியும். செட்டிங் தெரியாது, பிரேக்கரும் உருகிப்போய்விட்டது. ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்த எலக்ட்ரீஷியனும் தன் வேலைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை.

"டிசைனுக்குள்ள போகாதே. அனுமதியில்லாத வணிக உபயோகம், அதனால ஓவர்லோடு. ஒவ்வொரு ஆத்துலயும் என்ன மிஷின் இருக்குன்னு லிஸ்ட் போட்டுடு. பொய் ஒண்ணும் இல்லையே?"

பொய் ஒன்றும் இல்லை. லிஸ்டில் வரும் வீடுகளுக்கு நோட்டீஸ் போகும், இணைப்பைத் துண்டிப்பார்கள்.

7 ஜூன், சனி

இரண்டு நாள் வீடு வீடாக ஏறினேன். தீயை விசாரிக்க வந்திருக்கிறேன் என்று நம்பிக் கதவைத் திறந்து எல்லாவற்றையும் காட்டினார்கள். மறைக்கத் தோன்றவில்லை அவர்களுக்கு. செல்வமேரியின் தம்பியாயிற்றே நான்.

முப்பத்தெட்டு வீடு. அக்காவின் 1104ஐ அடித்துவிட்டேன். முப்பத்தேழு.

லோடு வாரியாக அடுக்கியதும் உதுமான் பாயின் 1105 மேலே வந்துவிட்டது. அந்த பாய்லர். மூன்று கிலோவாட்டால் அந்தக் கேபிள் எரியாது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? அதையும் எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். அடுத்தடுத்து இரண்டு வீடு இல்லையென்றால் கண்ணில் படும். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

9 ஜூன், திங்கள்

அனுப்பியாயிற்று. நன்றாக வந்திருக்கிறது என்றார் சார்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

கோவிலில் ஆராதனை முடிந்ததும் அப்படியே வீட்டுக்கு வரச்சொன்னாள் அக்கா. மீன் குழம்பு. மிஷின் இரண்டும் ஜன்னலோரம் இருந்தன. 1105இல் பூட்டு தொங்கியது. கரண்டை வெட்டியபிறகு உதுமான் பாய் ஒரு மாதம் மெழுகுவத்தியோடு இருந்துவிட்டு மான்குர்த்தில் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டாராம்.

சோறு போட்டுக்கொண்டே அக்கா சொன்னாள், நோட்டீஸ் தன் வீட்டுக்கு வராதது என்னால்தான் என்று அவளுக்குத் தெரியுமாம். ஆண்டவர் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாய் போறதுக்கு முன்னால அந்த பாய்லர ஒடச்சு இரும்புக்கடைக்குப் போட்டுட்டாவ. நீ எழுதுன காயிதத்த சொசைட்டில வாசிச்சாங்கல்லா, மொதப் பேரே அவுக வீடு. 'நானே வாங்கிக் குடுத்து நானே கொன்னுட்டேன் மேரி'ன்னு இந்த வாசல்ல உக்காந்து அழுதாவ. என்னத்தச் சொல்ல? ஒங்க மேல தப்பில்லன்னு எப்படிச் சொல்ல, தப்புதானே."

உதுமான் பாயின் நம்பர் என்னிடம் இருக்கிறது. மான்குர்த் இங்கிருந்து கால்மணி நேரம்.

அக்கா இரண்டாம் தரம் சோறு போட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.