மீன் பெட்டியில் பால்நுரை

காசி, கேதார் காட் பக்கம்
தை மாதம், வியாழக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு பொன்னம்மா எழுதுவது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் சிலேட்டில் ‘ஆமா’ என்று எழுதிக் காட்டுவீர்கள், அதை நான் நம்பியாக வேண்டும். நானும் உங்கள் தங்கை வைஜெயந்தியும் ஒரு குறையுமில்லாமல் வந்து சேர்ந்தோம். ரயில் முழுக்க அவள் தூங்கினாள், நான் அவள் பைக்கும் சேர்த்துக் காவல் இருந்தேன். போனில் கூப்பிட்டால் நான் மட்டுமே பேச வேண்டியிருக்கிறது, அந்தப் பக்கம் உங்கள் மூச்சுச் சத்தம்தான் கேட்கிறது. எனக்கு அது தாங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதை வைஜெயந்தி படம் பிடித்துப் பக்கத்து வீட்டுச் சம்சாத்தின் போனுக்கு அனுப்புவாள். நம் தீவில், ஹட் பேயில், நெட் மனசு வைத்தால் உங்கள் கைக்கு வரும்.

காசியில் விற்கிற அத்தனையையும் தின்று பார்த்து ருசியை எழுதி அனுப்பு என்று சொல்லித்தானே அனுப்பினீர்கள். வாயில் புற்று வந்து, தாடையை எடுத்து, மூக்குக் குழாயில் கஞ்சித் தண்ணி குடிக்கிற மனுஷனுக்குத் தின்பண்டக் கதை எதற்கு என்று சண்டை போட்டேன். நீங்கள் விடவில்லை. சரி, கேளுங்கள்.

காலையில் கச்சோடி. உளுந்தை அரைத்து உள்ளே வைத்துப் பொரித்த பூரி, அதன் தலையில் உருளைக்கிழங்குக் குழம்பு, எல்லாம் தொன்னையில். கூடவே சுடச்சுட ஜிலேபி. பல் விளக்கின கையோடு ஜிலேபி தின்கிற ஊரை இப்போதுதான் பார்க்கிறேன். சாயங்காலம் தக்காளி சாட். தக்காளியை நெய்யில் வதக்கி மசித்து, சீரகம் போட்ட சர்க்கரைப் பாகை ஊற்றித் தருகிறார்கள். நம் வீட்டு ரச மண்டியில் நெய்யும் சர்க்கரையும் விழுந்த மாதிரி இருந்தது. ஆனாலும் வழித்துத் தின்றேன். நான் பேசின ஹிந்தியைக் கேட்டுவிட்டு எந்த ஊர் என்றார் கடைக்காரர். அந்தமான் என்றேன். அங்கே ஆட்கள் இருக்கிறார்களா என்றார். இருக்கிறோம், ஷிப் டிக்கெட் கிடைத்தால் வெளியே வருவோம் என்றேன்.

தெருவுக்குத் தெரு பீடாக் கடை. காசிக்கு வந்து பீடா போடாமல் போவதா என்று வைஜெயந்தி ஒன்றை வாங்கினாள். அவள் கையிலிருந்து தட்டிவிட்டேன். பாம் ஆயில் தோட்டத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சிரிப்பீர்களே, அந்த முகம் வந்து நின்றது. நடுத்தெருவிலேயே அழுதேன்.

காசிக்கு வந்தால் பிடித்த காய் ஒன்று, பழம் ஒன்று விட வேண்டுமாம். கங்கைக் கரையில் சாஸ்திரிகள் கேட்டார். உங்கள் தங்கை சாமர்த்தியமாகப் பாகற்காயை விட்டாள், அவள் என்றைக்கு அதைத் தின்றாள்? என்னைக் கேட்டபோது, என் வீட்டுக்காரர் காசிக்கு வராமலேயே எல்லாவற்றையும் விட்டுவிட்டார், எனக்கும் சேர்த்து அதுவே போதும் என்றேன்.

நேற்றுக் காலையில் மலையோ என்று ஒன்று வாங்கினோம். பாலைக் காய்ச்சி ராத்திரிப் பனியில் வைத்து, விடியலில் கடைந்து எடுக்கிற நுரை. குங்குமப்பூ நிறம், மண் குவளையில் தருகிறார்கள். வாயில் வைத்தேன் அத்தான், காணாமல் போய்விட்டது. மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை, நாக்கில் இனிப்பு மட்டும் நின்றது. இதை நீங்கள் சாப்பிடலாமே என்று நினைத்தேன்.

உடனே நம் ஊர்ப் புத்திதான் வேலை செய்தது. நம் ஊர்க் கப்பல் ஜெட்டியில் மீனைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு ஷிப்பில் ஏற்றுகிறோமே, அதே மாதிரி கட்டிக்கொண்டு போகலாம் என்று பெட்டிக்கும் ஐஸுக்கும் அலைந்தேன். கடைக்காரர் வேண்டாம் அம்மா, வெயில் ஏறினால் நிற்காது என்றார். சூரை மீனையே போர்ட் பிளேயருக்குக் கெடாமல் அனுப்பினவளுக்கு நீ சொல்லித் தருகிறாயா என்று டேப் சுற்றினேன். மத்தியானம் அறையில் திறந்து பார்த்தால், ஐஸ் ஐஸாகவே இருக்கிறது, குவளைகளின் அடியில் மஞ்சள் பால் கொஞ்சம் கிடக்கிறது. நுரையைக் காணோம். வைஜெயந்தி அதைக் குடித்துவிடலாம் என்றாள். எனக்கு மனசு வரவில்லை.

அந்த நேரம்தான் சம்சாத் கூப்பிட்டாள். நீங்கள் குழாயைப் பிடுங்கிப் போட்டதையும், நர்ஸம்மா வந்து திரும்பப் போட்டதையும், நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதையும் சொன்னாள்.

சம்சாத், இதற்கு மேல் நீ படிக்காதே. போனை அவர் கையில் கொடுத்துவிடு.

அத்தான், எதற்கு என்னைக் காசிக்கு விரட்டினீர்கள் என்று இப்போது புரிந்துவிட்டது. குழாய் வேண்டாம் என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் நான் சிலேட்டை அழித்துக்கொண்டே இருந்தேன். அழிக்கிறவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்தீர்கள். எனக்குக் கோபம்தான். ஆனால் அந்தப் பெட்டிக்கு முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னபோது உங்களுக்குக் காது கேட்டது, எனக்குத்தான் கேட்கவில்லை.

இங்கிருந்து கயாவுக்குப் போவதாக இருந்தோமே, போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம். போர்ட் பிளேயரில் ஷிப் கிடைக்காவிட்டால் யார் காலிலாவது விழுந்து ஒரு சீட் வாங்குவேன். அதுவரை குழாயில் கை வைக்காதீர்கள். நான் வந்ததும் சிலேட்டை உங்கள் கையில் கொடுக்கிறேன், நீங்கள் எழுதுவதை அழிக்க மாட்டேன். நர்ஸம்மாவை நானே கூப்பிட்டு, நானே சொல்லி எடுக்கச் சொல்கிறேன்.

அதுவரைக்கும் விசுவநாதர் உங்களை எனக்கு வைத்திருக்கட்டும். நான் இல்லாத வீட்டில் மட்டும் வேண்டாம், அத்தான்.

உங்கள்
பொன்னம்மா