பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்

9, செவ்வாய் மாலை

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே இருவரும் சுகம். அப்படி எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. வாராவாரம் போனில் பேசுகிறவள் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டாலே உங்கப்பா ஸ்பீக்கரைப் போட்டு ஹால் நடுவில் வைத்துவிடுகிறார். அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒன்று சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. கூரியரில் ஐந்து நாள் ஆகும் என்றார்கள்.

கண்காட்சி வேலையெல்லாம் ஒழுங்காக நடக்கிறது. இருபதாம் தேதி சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, நம் தெருக்கோடி நூலகத்தின் வாசிப்பு அறையில். நீளச் சுவர் முழுக்க எனக்கே. பன்னிரண்டு பன்னிரண்டாக ஆறு வரிசை, எழுபத்திரண்டு படங்கள், தேதி வரிசையில். எட்டாம் வகுப்புப் புத்தகத்துக்குக் கல்லீரலும் குடலும் வரைந்தே காலம் தள்ளியவளுக்கு ஒரு சுவர் முழுக்கக் கிடைத்திருக்கிறது. இதற்கு முன் இரண்டு தடவை தேதி வரைக்கும் வந்து நின்றுபோனது உனக்குத் தெரியும். ஒன்று உன் டைபாய்டு, இன்னொன்று உங்கப்பாவின் கால் முறிவு. இந்தத் தடவை எது வந்தாலும் நிறுத்தக் கூடாது என்று நூலகத்தில் பேசிவிட்டு வந்த அன்றே உங்கப்பா சொன்னார். எது வந்தாலும் என்று இரண்டு முறை சொன்னார்.

நான் வேலை செய்யும் விதம் நீ சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். காலை ஒன்பது மணிக்கு வாடகை அறையின் ஜன்னலருகே உட்கார்வேன். கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுவேன். கண்ணாடி போட்டால் இலை இலையாகத் தெரியும், கை அதன் பின்னாலேயே ஓடும். கழற்றினால் இருட்டும் வெளிச்சமும் மட்டும்தான். நாற்பது நிமிடம், ஒரு படம், கரித்துண்டு, அழிப்பது கிடையாது. மூலையில் தேதி. அதற்குப் பிறகுதான் கல்லீரல். ஞாயிற்றுக்கிழமையும் போவேன். ஜன்னலுக்குக் கீழே பூங்கா, ஒரு மரம், ஒரு பெஞ்சு. அந்த எழுபத்திரண்டு படத்திலும் அதே மரம், அதே பெஞ்சுதான்.

போன புதன்கிழமை எல்லாவற்றையும் ஃபிரேம் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் தரையில் வரிசையாகப் பரப்பினார். இடுப்பில் கைவைத்து மேலிருந்து பார்த்துக்கொண்டே நின்றவர், "ஏம்மா, இந்த மனுஷனுக்கு வேற வேலையே இல்லையா? மழைன்னாலும் வெயில்னாலும் வந்து உக்காந்துடறாரே" என்று கேட்டார். நானும் சிரித்தேன். பெஞ்சில் ஒரு கறுப்புத் திட்டு, முதுகு காட்டி உட்கார்ந்த ஆள். தினமும் வரைந்திருக்கிறேன், அது தினமும் ஒரே ஆள்தானா என்று யோசித்ததே இல்லை. கடையில் கண்ணாடி போட்டிருந்தேன். குனிந்து பார்த்தேன்.

இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும், சின்னு. பக்கத்தில் ஒரு பை, அதன் ஒரு காது மட்டும் நீளமாக இருக்கும். அந்தக் காதை அறுந்த பிறகு தைத்துக் கொடுத்தவள் நான்தான்.

ஒரு தோளையும் ஒரு பையையும் வைத்து ஒருவர்மேல் எதையும் சொல்லிவிட முடியாது என்று படங்களை எண்ணினேன். பதினோராவது படத்தில், ஒரு திங்கட்கிழமை, அவர் முதலில் வருகிறார். அதையும் சேர்த்து ஐம்பத்திரண்டு படங்களில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லை. நடுவில் ஒரு புதனும் வியாழனும் பெஞ்சு காலி. அந்த இரண்டு நாளும் உங்கப்பா காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார், நான்தான் கஞ்சி வைத்துவிட்டுப் போனேன்.

வியாழக்கிழமை அறைக்குப் போய்க் கண்ணாடியைக் கழற்றாமல் கீழே பார்த்தேன். அவர்தான். பேப்பரை மடித்துத் தொடைமேல் வைத்திருந்தார், படிக்கவில்லை. வெள்ளிக்கிழமை உங்கப்பாவின் அச்சகத்துக்குப் போன் செய்து, யாரென்று சொல்லாமல், பகல் ஷிஃப்ட் மேற்பார்வையாளர் இருக்கிறாரா என்று அவரைக் கேட்டேன். எடுத்த பெண், "சார் போய் ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சேம்மா. பகல் ஷிஃப்டையே எடுத்துட்டாங்க. நீங்க யாரு பேசறது?" என்றாள். பாடப்புத்தகக் கம்பெனி என்று சொல்லி வைத்துவிட்டேன். இருபத்தாறு வருஷ வேலை. நான் கண்காட்சிக்குத் தலையாட்டிய அதே வாரம் போயிருக்கிறது.

தினமும் எட்டேகாலுக்குப் பையோடு கிளம்புகிறார். ஆறு மணிக்குத் திரும்பிக் கை கழுவுகிறார். நீ போனில் 'ஆபீஸ்ல என்னப்பா விசேஷம்' என்று கேட்டால் உடனே ஒன்று சொல்கிறார். புது மேனேஜர் மெஷினைத் தொட்டுவிட்டு, மை பூசின கையோடு முதலாளிக்குக் கை கொடுத்த கதைக்கு நாம் இருவரும் எப்படிச் சிரித்தோம். அந்த மேனேஜரே கிடையாது போலிருக்கிறது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

இத்தனை இடம் இருக்க, ஏன் அந்தப் பெஞ்சு என்று புரியவில்லை. என் மேஜையை அந்த அறைக்குத் தூக்கி வந்ததே அவர்தான். ஜன்னல் எது, நான் எத்தனை மணிக்கு உட்கார்வேன், கண்ணாடியைக் கழற்றிவிடுவேன், எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அங்கே வந்து உட்கார்ந்தாரா? கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. எந்தப் படத்தைப் போடலாம் என்று முன்பே நூலகர் அம்மாளையே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தேன். பெஞ்சில் இருப்பவரைத்தான் போட்டிருந்தார். உங்கப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாளையும் மையையும் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம், அன்று அதைச் செய்யவில்லை. "இதை வரையும்போது கண்ணாடி போட்டிருந்தியா?" என்று கேட்டார். கழற்றித்தான் வைத்திருந்தேன் என்றேன். அது உண்மைதானே. "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுத்துவிட்டு வந்தார். இருபதாம் தேதிக்கு லீவு சொல்லியாயிற்று என்றும் சொன்னார்.

நேற்றும் இன்றும் பெஞ்சு காலி.

அதே எட்டேகாலுக்கு, அதே பையோடு கிளம்பினார். எங்கே போகிறார் என்று தெரியவில்லை. இரண்டு மாதம் என் கண் முன்னாலேயே இருந்தார், எனக்குத் தெரியாது. தெரிந்ததும் காணவில்லை. நேற்று ஜன்னலை விட்டு எழுந்து பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றினேன், பஸ் நிலையம் வரை போனேன். இத்தனை வருஷத்தில் படம் வரையாத முதல் நாள் நேற்றுதான். அவரிடம் சொல்லவில்லை.

எந்தப் படங்கள் வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் ஃபிரேம் கடைக்காரர் முடிவாகக் கேட்கிறார். அந்த ஐம்பத்திரண்டை எடுத்துவிட்டால், எனக்குத் தெரிந்துவிட்டது என்று சுவரைப் பார்த்ததுமே உங்கப்பாவுக்குப் புரிந்துவிடும். மாட்டினால், தெருவே வந்து நின்று அவர் முதுகைப் பார்க்கும், அந்தத் தோளை அடையாளம் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். இன்னொன்றும் இருக்கிறது, சொல்லவே கூசுகிறது. அவைதான் நல்ல படங்கள். நான் இதுவரை வரைந்ததிலேயே. எழுபத்திரண்டையும் மாட்டச் சொல்லப்போகிறேன். அது சரியா, என் பேராசையா என்று நீயாவது சொல்.

ஒன்று கேட்கிறேன், செய். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காதே. வேலை நாளில், இங்கே காலை பத்து மணி இருக்கும்போது அப்பாவைக் கூப்பிடு. உனக்கு அது தூங்கும் நேரம், தெரியும். ஆபீஸைப் பற்றிக் கேட்காதே, எங்கே இருக்கிறீர்கள் என்றும் கேட்காதே. உன் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று சொல், எப்படிச் சரிசெய்வது என்று விளக்கமாகக் கேள். பேச்சை இழு. இங்கே மழை பிடித்துக்கொண்டது. நனைகிறீர்களா என்று மட்டும் நடுவில் கேட்டுவிடு. ஆமாம் என்றால், எங்கேயாவது உள்ளே போய் உட்காரச் சொல். நீ சொன்னால் கேட்பார்.

நீ நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு.

உன்
அம்மா