என் வாயால் வந்த ஆமாம்

அம்மாவுக்கு உன் பெரியவன் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்பு.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை என்றால் வாயை வாடகைக்கு விடுவதுதான். போன வாரம் நம் ஊர்ப்பக்கத்து லாரி டிரைவர் ஒருவருக்குத் தீர்ப்பு. சாலையில் ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் போனவர். அவர் செய்ததைத் தமிழ் தெரியாத நீதிபதி ஆங்கிலத்தில் 'டெஸ்பிக்கபிள்' என்றார். குரலில் கோபமே இல்லை. தமிழில் என்ன சொல்வது? 'கேவலம்' என்று சட்டை கசங்கினால்கூடச் சொல்கிறோம், அது போதாது. "நீ செய்தது ஈனத்தனமானது" என்றேன்.

டிரைவர் நீதிபதியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அண்ணே, நெஜமாவே அப்படித்தான் நினைக்கிறீங்களா?"

அங்கே யார் எதைப் பேசினாலும் மொழிபெயர்த்தாக வேண்டும். 'அண்ணே'வை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டு, கேள்வியை மட்டும் சொன்னேன். தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து நீதிபதி "யெஸ்" என்றார்.

நான் டிரைவர் பக்கம் திரும்பி, "ஆமாம்" என்றேன்.

பெரிய விஷயமில்லை அம்மா, கவலைப்படாதே. முகம் கழுவும்போது மட்டும் அந்த 'ஆமாம்' தானாக வாயில் வந்துவிடுகிறது.

பழைய போர்வையை அனுப்பு. தம்பியிடம் ஒன்று சொல். போனில் அவன் 'அண்ணே' என்றால் போனை வைத்துவிடுகிறேன். கொஞ்ச நாளைக்கு என்னைப் பேர் சொல்லியே கூப்பிடட்டும்.

அடுத்த வழக்குக்கு அழைக்கிறார்கள், போகிறேன்.