வெள்ளைப் பெட்டியா, கறுப்புப் பெட்டியா

பிப்ரவரி 4

என் அருமைத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். உன் கண்ணாடிக் கடை முகவரிக்கு ஏன் எழுதுகிறேன் என்று முறைக்காதே. போனில் அனுப்பினால் பாப்பா படித்துவிடுகிறாள். பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுத் தொலைக்கிறாய்.

எங்கள் ஓட்டல் சலவைக்கூடத்தில் புதிதாக ஒரு இஸ்திரி மிஷின் வந்திருக்கிறது. விரிப்பை இந்தப் பக்கம் விட்டால் அந்தப் பக்கம் மடித்தே வருகிறது. நாலு பேர் செய்த வேலையை இப்போது இரண்டு பேர் செய்கிறோம். சம்பளம் மட்டும் அதேதான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டலில் குழந்தைகள் விளையாடுகிற அறைக்குப் புதுச் சாமான்கள் வாங்கினார்கள். பழைய வீடியோ கேம் பெட்டிகளை எங்களுக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். நானும் ஒன்று வாங்கிவிட்டேன். சிரிக்காதே. வெள்ளைப் பெட்டி. அதில் ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒரு தீவு, அதில் வீடு கட்டலாம், செடி வைக்கலாம். இன்னொருவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி, அதே வெள்ளைப் பெட்டி வைத்திருந்தால் நம் தீவுக்கே வந்துவிடலாம். வேறு கம்பெனிப் பெட்டி என்றால் வர முடியாது. என் அறையில் இருக்கிற ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள். மூன்று வாரம் முட்டி மோதிக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் முழுக்க என் பொம்மை கடலிலேயே விழுந்துகொண்டிருந்தது.

பெற்றவளிடம் பாப்பா போனில் என்ன பேசுகிறாள், உனக்குத் தெரியாதா? 'ம்', 'சரி', 'சித்திகிட்ட குடுக்கறேன்'. நான் வெளிநாடு வந்து இதிலேயே ஐந்து வருஷம் ஓடிவிட்டது. இந்த விளையாட்டில் பேசவே வேண்டாம். பக்கத்தில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஊருக்கு வரும் எங்கள் சமையல்காரரிடம் பதினெட்டாயிரம் கொடுத்தனுப்புகிறேன். அதற்கு மேல் புரட்ட முடியவில்லை. புதுசு வேண்டாம், யாராவது வைத்திருந்ததே போதும். ஆனால் வெள்ளைப் பெட்டிதான். கடைக்காரன் வேறு எதையாவது தலையில் கட்டப் பார்ப்பான், ஏமாந்துவிடாதே. பாப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். என்னுடையது எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்றெல்லாம் கேட்டாளடி! அவளாக என்னிடம் ஒரு வார்த்தை கேட்டு எத்தனை நாளாயிற்று.

ஆயிரம் முத்தங்களுடன்,
அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பணம் வந்து சேர்ந்தது. உங்கள் சமையல்காரர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதினோரு கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போனார். நல்ல மனுஷர்.

எனக்கு முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். இன்னொன்று, அவளைப் பாப்பா என்று கூப்பிடாதே. பதிமூன்று வயதாகிறது, பிடிப்பதில்லை. என் தோளைத் தாண்டிவிட்டாள்.

பெட்டி வாங்கியாயிற்று. மூன்று கடை ஏறி இறங்கினோம். வெள்ளை கிடைக்கவில்லை. ஒரு கடையில் இருந்ததும் உன் பணத்துக்குள் அடங்கவில்லை. அதனால் வேறு கம்பெனியின் கறுப்புப் பெட்டி வாங்கினோம். நல்ல பெட்டி, ஆறு மாதம் கேரண்டி. கோபப்படாதே. போனில் பேசிக்கொள்ளலாமே, என்ன இப்போது.

அன்புடன்,
தங்கச்சி

மார்ச் 20

தங்கச்சிக்கு,

நான் தமிழில்தானே எழுதினேன்? வெள்ளை என்றால் உங்கள் பக்கம் கறுப்பா?

யாரிடம் கதை விடுகிறாய்? உங்கள் ஊர்க் கடை விலையை அறைப்பெண் போனிலேயே பார்த்துச் சொல்லிவிட்டாள். பழைய வெள்ளைப் பெட்டி பதினாலாயிரம், கறுப்பு இருபத்திரண்டாயிரம். குறைந்த விலைப் பெட்டி என் பணத்துக்குள் அடங்காதாம், கூடின விலைப் பெட்டி அடங்குமாம்! மேற்கொண்டு நாலாயிரம் எங்கிருந்து முளைத்தது?

நான் சொல்லட்டுமா? அவள் என்னோடு ஒட்டுவது உனக்குப் பிடிக்கவில்லை. பெறாமலே ஒரு பிள்ளை கிடைத்துவிட்டது, அதில் சுகம் கண்டுவிட்டாய். அப்பன் செத்துப் போன பிள்ளை, அம்மாவும் இல்லாமல் போகட்டும் என்று பார்க்கிறாய். உன்னை நம்பி விட்டுவிட்டு வந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

கறுப்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெள்ளையை வாங்கு. அதுவரை என்னிடம் பேசாதே.

அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

வெள்ளைப் பெட்டி முதல் கடையிலேயே இருந்தது. நான் பர்ஸைத் திறந்துவிட்டேன். உன் மகள் கடைக்காரரிடம் கேட்டாள்: "அண்ணா, இதோட சேராதது எது?"

அவருக்குப் புரியவில்லை. "எல்லாரும் சேர்றது எதுன்னுதான்மா கேப்பாங்க."

"எங்கம்மாகிட்ட இதே மாடல்தான் இருக்கு. அவங்க உள்ள வர முடியாத மாதிரி ஒண்ணு வேணும்."

கடைக்காரர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நான் அவளை வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். "ஏண்டி, மனசாட்சி இருக்கா? உங்கம்மா நாள் முழுக்க நின்னு வேலை பாத்து அனுப்பின காசுடி" என்று திட்டினேன்.

"ஸ்கூல் விடும்போது கேட் கிட்ட நிப்பேன்னு சொல்லிட்டுதானே அம்மா போனாங்க, சித்தி? அன்னைக்கு வாட்ச்மேன் பூட்டற வரைக்கும் நான் நின்னேன். இப்ப அவங்க நிக்கட்டும், எந்தத் தீவுல வேணா நிக்கட்டும்." அழக்கூட இல்லை அக்கா, சாதாரணமாகச் சொன்னாள்.

நாலாயிரம் என் பணம்தான், பல் கட்டுவதற்கு வைத்திருந்தது. ஏன் கொடுத்தாய் என்பாய். அவள் சொன்னதைக் கேட்டு உனக்காக எனக்கு வயிறு எரிந்தது. சத்தியமாக எரிந்தது. அதே நேரம் உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தப் பாழாய்ப்போன சந்தோஷத்தில்தான் பணத்தை எடுத்து வைத்தேன். நீ எழுதியதில் பாதி உண்மை. பெட்டியோடு இரண்டு கன்ட்ரோலர் கொடுத்தார்கள். ஒன்றை என் கையில் கொடுத்து உட்காரச் சொல்கிறாள். கார் ஓட்டுகிறோம். நான் போய் இடித்தால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது. அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பு, பார்த்தால் விடமாட்டாள் என்று உனக்கு யோசனை சொன்னவள் நான். கேட்டில் நிற்பேன் என்று சொல்லிவிட்டுப் போகச் சொன்னதும் நான்தான். அதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னையும் விட்டுவிடுவாள் என்று பயமாக இருக்கிறது. நீ சொல்லச் சொன்னால் சொல்லிவிடுகிறேன்.

பதில் போடு அக்கா.

உன் தங்கச்சி

மே 3

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நாலு நாள் விரிப்புகளை மிஷினில் தப்புத் தப்பாக விட்டேன். காய்ச்சலா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. ஜூனில் ஒரேயடியாக வந்துவிடுவதாக இருந்தேன். திடுதிப்பென்று வாசலில் வந்து நின்றால் முகம் கொடுப்பாளோ மாட்டாளோ, அதற்குள் நாலு மாதம் விளையாட்டில் பழகிக்கொள்ளலாம் என்றுதான் இந்தக் கூத்தெல்லாம் அடித்தேன். நேற்று மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார். இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

யோசனை உன்னுடையது என்று அவளிடம் சொல்லாதே. உன்மேல் இரக்கப்பட்டு எழுதுவதாக நினைத்துக்கொள்ளாதே. உன்னை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை, வருமென்றும் தோன்றவில்லை. ஆனால் அவளுக்கு அந்த வீட்டில் நம்புவதற்கு ஒருத்தியாவது வேண்டும். யோசனை நீ சொன்னாய், வாக்கு கொடுத்தவள் நான்தானே.

பணம் மாதாமாதம் வரும். உன் கடைக்கு இனிமேல் கடிதம் வராது.

அம்மா எப்போது வருவாள் என்று அவள் கேட்டால், வேலை அதிகம், லீவு கிடைக்கவில்லை என்று சொல். கேட்க மாட்டாள். கேட்டால் சொல்.

அக்கா