என் கணக்கில் மட்டும் நத்தையான நெட்

என் செல்ல வாலுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறுக்கிக்கொள்கிறது. நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள் என்று நம்பி ஆரம்பிக்கிறேன். பெரிய சேதி ஒன்று இருக்கிறது, வரிசையாகத்தான் சொல்வேன், கடைசிப் பக்கத்தை எட்டிப் பார்க்காதே.

ஆஸ்பத்திரியில் என் பதிவு மேசைக்குக் காது கேளாதவர்கள் வந்தால் எங்கே வலி, என்ன வலி என்று புரியாமல் எல்லோரும் முழிப்போம், அதற்காகத்தான் நான் சைகைமொழி கற்றுக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். தேர்வு வீடியோ அழைப்பில் என்றார்கள், அங்கேதான் வந்தது வினை. வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர், ஒரே வைஃபை. அப்பா தன் கணக்கில் நுழைந்தால் நெட் குதிரையாக ஓடுகிறது, அதை மூடிவிட்டு அதே நாற்காலியில் நான் என் கணக்கைத் திறந்தால் நத்தை. ஒத்திகையில் தலைவலி என்று காட்டப் போன என் கை திரையில் நெற்றியருகே உறைந்து நிற்க, நான் சல்யூட் அடிப்பதாக நினைத்து ஆசிரியையும் பதிலுக்கு ஒன்று அடித்தார். அப்பா கணக்கிலேயே எழுதலாமே என்பாய், தேர்வுச் செயலி என் கணக்கில் பதிவாகிவிட்டது, மாற்ற முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். அப்பா சும்மா இருப்பாரா, வைஃபை பெட்டியை அலமாரி மேல் ஏற்றினார், அணைத்துப் போட்டார், கம்ப்யூட்டரைச் சமையலறை வரை தூக்கி வந்தார். எங்கே வைத்தாலும் அவருக்குக் குதிரை, எனக்கு நத்தை. நெட்டுக்கே என்னைக் கண்டால் பயம் என்று சொல்லிச் சிரித்தார், அன்று சாயங்காலம் அவருக்கு டீ கிடையாது.

தேர்வுக்கு முந்தின நாள் எனக்கு அழுகை முட்டியது. மூக்கைச் சிந்திக்கொண்டே யோசித்தேன், பெட்டி ஒன்றுதான், ஆளுக்கு ஆள் மாறுகிறது என்றால் கோளாறு என் கணக்குக்குள்தானே இருக்க வேண்டும். இரண்டு கணக்கையும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்தேன். என் திரையின் மூலையில் மட்டும் சின்னதாய் ஒரு மேகம், அதில் ஓர் அம்புக்குறி ஓயாமல் மேலே போய்க்கொண்டிருந்தது. தட்டிப் பார்த்தால், போட்டோக்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று போன தடவை வந்தபோது நீ என் கணக்கில் போட்டுக் கொடுத்தாயே, அந்தச் செயலி. தினமும் என் கைகளைப் படம்பிடித்துப் பழகிய வீடியோ அத்தனையையும் அது இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. பழகப் பழக நான் தேறினேன், நெட் படுத்துவிட்டது. நிறுத்திவைத்துவிட்டு ஆசிரியையைக் கூப்பிட்டால் அவருடைய காதோர நரைமுடி வரை தெரிகிறது. அப்பா முழங்காலை மறந்து குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடித்தார்.

ஆமாம் கண்ணா, தேர்வில் அம்மா பாஸ். நேற்று காது கேளாத ஓர் இளம் தாய், காய்ச்சலில் துவண்ட மகளோடு வந்தாள். டாக்டர் சொன்னதையெல்லாம், பயப்பட ஒன்றுமில்லை, மருந்து இப்படிக் கொடு என்று கையாலேயே கொட்டித் தீர்த்தேன். அவள் சட்டென்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்கிறாள் என்று நான் கண்கலங்கி நிற்க, கையை விட்டுவிட்டு அவள் காட்டியது இதுதான்: "கொஞ்சம் மெதுவா சொல்லுங்கக்கா, ஒண்ணுமே புரியல." மெதுவாகச் சொன்னேன். புரிந்ததும் குழந்தையை அணைத்துக்கொண்டு அவள் சிரித்தாளே, அந்தச் சிரிப்பை எந்தக் கையால் எழுதுவேன்.

இருவரும் நோய்நொடி அண்டாமல், சண்டை போட்டாலும் சேர்ந்தே சாப்பிட்டு, நிறைவாக வாழுங்கள். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. இனிமேல் என் கணக்கில் எதைப் போட்டாலும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடு.

இப்படிக்கு,
இப்போது இரண்டு மொழியில் உன்னைத் திட்டத் தெரிந்த
உன் அம்மா